விட்ஃபீல்ட் போன வழி: சவானாவிலிருந்து நியூபரிபோர்ட் வரை எட்டு நாள்

முதல் நாள்: சவானா, ஜார்ஜியா

முதலில் பெயர். ஆங்கில எழுத்துக் கூட்டைப் பார்த்து 'ஒயிட்ஃபீல்ட்' என்று சொல்லி விசாரித்தால் வழிகாட்டிகள் திருத்துவார்கள். உச்சரிப்பு 'விட்ஃபீல்ட்'. ஜார்ஜ் விட்ஃபீல்ட், 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த ஆங்கிலப் போதகர். இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் பெல் என்ற சத்திரத்தில் பிறந்தவர். பிறந்த தேதி 1714 டிசம்பர் 16. சில பலகைகளில் டிசம்பர் 27 என்று இருக்கும், அதுவும் தவறில்லை. 1752 வரை பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் பழைய நாட்காட்டியில் இருந்ததால் 11 நாள் வித்தியாசம். இந்தக் கட்டுரையில் 1740-ஆம் ஆண்டுத் தேதிகள் எல்லாம் பழைய கணக்கு. ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே பிரசங்கத்தை இரண்டாக எண்ணிவிடுவார்கள்.

ஜான்சன் சதுக்கத்தில் உள்ள கிறைஸ்ட் சர்ச்சில் தொடங்குவது சரி. இப்போதுள்ள கட்டடம் 19-ஆம் நூற்றாண்டினது. ஆனால் சபை, குடியேற்றத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கே குருவாக இருந்து மனக்கசப்போடு கிளம்பிய பிறகு, 1738 மே மாதம் 23 வயது விட்ஃபீல்ட் வந்தார். சில மாதங்களே தங்கினார். தங்கிய நாட்களில் கண்ணில் பட்டவை, காய்ச்சலில் பெற்றோரை இழந்த பிள்ளைகள். அனாதை இல்லம் கட்ட நிலமும் பணமும் வேண்டி இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்போது பரவிய பக்தி அலையை 'பெரிய எழுப்புதல்' என்று சரித்திரம் சொல்கிறது. அதன் விதை இந்தப் பணத் தேவையில்தான் இருக்கிறது. லண்டனிலும் பிரிஸ்டலிலும் ஆலயங்கள் ஒவ்வொன்றாக அவருக்குக் கதவடைத்தன. 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் முன் வெட்டவெளியில் நின்று பேசினார். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டதை அவரே குறித்திருக்கிறார். கூரை இல்லாவிட்டால் கூட்டத்துக்கு அளவில்லை, காணிக்கைக்கும் அளவில்லை என்பது அன்று தெளிந்தது. அதன்பிறகு அவர் எந்த ஊரில் பேசினாலும் ஜார்ஜியா அனாதைகளுக்குப் பை நீட்டப்பட்டது.

இரண்டாம் நாள்: எபனேசரும் பெதஸ்தாவும்

காலையில் எபனேசர். சவானாவிலிருந்து ஆற்றோரமாக மேல்நோக்கிச் சுமார் 25 மைல், ரிங்கன் ஊருக்கு அருகில். பேருந்து இல்லை, கார் தேவை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து விரட்டப்பட்ட லுத்தரன்கள் 1734-இல் ஜார்ஜியாவுக்கு வந்தார்கள். ஜெருசலேம் ஆலயம் 1760-களின் இறுதியில் எழுந்தது. சுவரின் செங்கற்களில் விரல் தடங்களைக் காட்டுவார்கள்.

தமிழ் வாசகர் இங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம். இவர்களின் போதகர் போல்ட்சியஸ், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அனுப்பப்பட்டவர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்றதும் அதே ஹாலே, அதை நடத்திய அதே ஃபிராங்கே குடும்பம், லண்டனில் பணம் திரட்டிய அதே சங்கம். ஹாலேயின் அனாதை இல்லத்தைப் பார்த்துத்தான் எபனேசரில் ஒரு சிறு இல்லம் கட்டினார்கள். அதை நேரில் பார்த்த விட்ஃபீல்ட் தன் இல்லத்துக்கும் ஹாலேயையே மாதிரியாகக் கொண்டார். தரங்கம்பாடிக்கும் ஜார்ஜியாக் காட்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து பணம் போன காலம் அது.

பிற்பகல் பெதஸ்தா. சவானா நகரத்துக்குத் தெற்கே சுமார் 10 மைல். நகரத்தின் கெட்ட சகவாசம் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்றே இவ்வளவு தூரம் தள்ளி 500 ஏக்கரை மானியமாகப் பெற்றார். முதல் செங்கல் 1740 மார்ச் 25-இல் வைக்கப்பட்டது. நிர்வாகம் ஜேம்ஸ் ஹாபர்ஷாம் கையில். வளாகத்தில் நெடுங்காலம் கல்வி நிலையம் இயங்கியது. உள்ளே போகுமுன் அனுமதி கேட்பது மரியாதை. பழைய பெரிய வீடு 1773-இல் மின்னல் விழுந்து எரிந்துவிட்டது. இப்போது பார்ப்பதெல்லாம் பிற்காலத்தவை.

இந்த இல்லத்தில் இரண்டு கோளாறுகள். ஒன்று உடனே தெரிந்தது. குடியேற்றத்தின் அனாதைகள் எல்லோரையும் தன் பொறுப்பில் எடுக்க அனுமதி வாங்கி வந்தவர், மூத்த அண்ணனிடம் நல்லபடியாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டார். ஜார்ஜியாவை நிறுவிய ஓகல்தோர்ப்பே அதை எதிர்த்தார்.

இரண்டாவது, நாள்பட்டது. 1735 முதல் ஜார்ஜியாவில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. எபனேசர்க்காரர்கள் தடை நீடிக்க வேண்டும் என்று 1739-இல் மனு எழுதினார்கள். விட்ஃபீல்ட் முதலில், 1740-இல், மேரிலாந்து முதல் கரோலினாக்கள் வரையிலான எஜமானர்களின் கொடுமையைக் கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அது கொடுமையைத்தான் கண்டித்தது, உடைமையை அல்ல. அனாதை இல்லத்தின் கடன் ஏற ஏற அவர் பேச்சு மாறியது. 1747-இல் தென் கரோலினாவில் அடிமைகளோடு ஒரு தோட்டம் வாங்கி, அந்த வருமானத்தில் இல்லத்தை நடத்தினார். ஜார்ஜியாவில் தடையை நீக்கச் சொல்லி வாதாடினார். 1751-இல் தடை நீங்கியது. வெப்ப நாட்டில் கறுப்பர்கள் இல்லாமல் பயிர் செய்ய முடியாது என்று அந்த ஆண்டு அவரே எழுதியிருக்கிறார். இறக்கும்போது அவர் பெயரில் ஏறத்தாழ 50 அடிமைகள். பக்கத்து எபனேசரில் போல்ட்சியஸ் அதே வெயிலில் அடிமை இல்லாமல் பயிர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார் என்பதால், 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானம் இந்த இடத்தில் எடுபடாது.

மூன்றாம் நாள்: ஃபிலடெல்ஃபியா, மார்க்கெட் தெரு

இரண்டாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடம். 1739 நவம்பரில் இங்கே தெருவின் நடுவில் நீதிமன்றக் கட்டடம் இருந்தது. அதன் படிக்கட்டின் மேலிருந்து விட்ஃபீல்ட் பேசினார். கட்டடம் 1837-இல் இடிக்கப்பட்டது. அடையாளத்துக்கு வடக்கே கொஞ்சம் தள்ளிக் கிறைஸ்ட் சர்ச் கோபுரம் நிற்கிறது.

கூட்டத்தில் பெஞ்சமின் ஃபிராங்ளினும் நின்றார், அவருக்கு அப்போது 33 வயது. செய்தித்தாள்களில் வரும் கூட்டக் கணக்கை அவர் நம்பவில்லை. ஆகவே சோதித்தார். முறை எளிது, இன்றும் செய்து பார்க்கலாம்: படிக்கட்டு இருந்த இடத்திலிருந்து மார்க்கெட் தெரு வழியாக ஆற்றை நோக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். முன் தெரு நெருங்கும்வரை குரல் தெளிவாகக் கேட்டது, பிறகு தெருச் சந்தடி விழுங்கிவிட்டது. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, ஆளுக்கு 2 சதுர அடி ஒதுக்கி, 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று தன்வரலாற்றில் எழுதினார்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் சுவாரசியம். 30,000 பேருக்கு 60,000 சதுர அடி வேண்டும். அந்தப் பரப்புள்ள அரைவட்டத்தின் ஆரம் 195 அடிதான். முன் தெருவுக்கு உள்ள தூரம் அதைவிட நிச்சயம் அதிகம். அப்படியானால் ஃபிராங்ளின் தன் அளவைக் குறைத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் 2 சதுர அடி என்பது 17 அங்குலப் பக்கமுள்ள சதுரம். தேர்த் திருவிழா நெரிசல்தான், மணிக்கணக்கில் யாரும் அப்படி நின்று பிரசங்கம் கேட்க மாட்டார்கள். நெருக்கமான கூட்டத்துக்கு இன்று போடும் நாலரை சதுர அடிக் கணக்கில் அதே 195 அடிக்குள் சுமார் 13,300 பேர். ஒரு தவறு இன்னொரு தவறைச் சரிக்கட்டியிருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது, அவர் கண்டுபிடித்தது எத்தனை பேருக்குக் கேட்கும் என்பதை மட்டுமே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அல்ல. ஊரின் மக்கள்தொகையே அப்போது பத்தாயிரம் அளவில்.

குரலைச் சோதிக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு விடிகாலை வரவேண்டும். மற்ற நேரங்களில் வண்டிச் சத்தத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் கேட்காது.

நான்காம் நாள்: நான்காம் தெருவும் ஆர்ச் தெருவும்

ஊர் ஆலயங்களின் பீடம் மறுக்கப்பட்டதும், எந்தச் சபைக்காரரும் பேசலாம் என்ற நிபந்தனையோடு 1740-இல் இங்கே ஒரு பெரிய கூடம் எழுப்பினார்கள். நீளம் 100 அடி, அகலம் 70 அடி. ஆர்வம் தணிந்ததும் கடன் மட்டும் மிஞ்சியது. ஃபிராங்ளின் நடுவில் நின்று பேசி அதைத் தன் கல்விக் கழகத்துக்கு மாற்றிக்கொண்டார், 1751-இல் வகுப்பு தொடங்கியது. அதுதான் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். தன் தொடக்க ஆண்டாக அது 1740-ஐச் சொல்வது இந்தக் கூடத்தை வைத்துத்தான். வளாகத்தில் 1919 முதல் நின்ற விட்ஃபீல்ட் சிலையை அகற்றுவதாக 2020-இல் பல்கலைக்கழகம் அறிவித்தது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போகவேண்டாம்.

ஃபிராங்ளினுக்கு விட்ஃபீல்டின் மதம் ஒட்டவில்லை, தொழில் ஒட்டியது. நாட்குறிப்பையும் பிரசங்கங்களையும் முன்பதிவு வாங்கி அச்சிட்டு விற்றார். முன்விளம்பரம் இயங்கிய விதம் இது: கூடவே பயணம் செய்த வில்லியம் சீவர்ட் என்ற பங்குத்தரகர், 'நேற்று இன்ன ஊரில் இத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள்' என்று வேறு யாரோ எழுதியதுபோல் செய்தித்தாளுக்கு அனுப்புவார். அடுத்த ஊர்ப் பத்திரிகை அதை எடுத்துப் போடும். போகப்போகும் ஊர்களின் பட்டியல் முன்கூட்டியே அச்சாகும். ஆள் வந்து சேருமுன் பெயர் வந்து சேர்ந்திருக்கும். சீவர்ட் 1740 அக்டோபரில் வேல்ஸில் கல்லடி பட்டு இறந்தார்.

காணிக்கை வாங்கும் திறமைக்கு ஃபிராங்ளினே சாட்சி. கட்டுமானப் பொருளும் ஆளும் இல்லாத ஜார்ஜியாவில் கட்டுவது வீண், பிள்ளைகளை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுவா என்பது அவர் கட்சி. ஆகவே ஒன்றும் போடுவதில்லை என்ற முடிவோடு போனார். பையில் ஒரு கைப்பிடி செம்புக் காசு, மூன்று நான்கு வெள்ளி டாலர், ஐந்து தங்கப் பிஸ்டோல். பேச்சு நகர நகரச் செம்பு இளகியது, பிறகு வெள்ளி, முடிவில் தங்கம் உட்பட எல்லாம் தட்டில் விழுந்தது. இந்த ஆபத்தை எதிர்பார்த்து வீட்டிலேயே பையைக் காலி செய்துவிட்டு வந்த நண்பர் ஹாப்கின்சன், மனம் மாறிப் பக்கத்தில் நின்ற குவேக்கர் சபைக்காரரிடம் கடன் கேட்டார். வேறு சமயமென்றால் தருவேன், இப்போது உமக்குப் புத்தி சரியில்லை என்று பதில் வந்தது.

அதே பக்கங்களில் இன்னொரு கவனிப்பு இருக்கிறது. அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதில்லை என்றாலும் நமக்கு அதுதான் முக்கியம். புதிதாக எழுதிய பிரசங்கத்தையும் பல ஊரில் பேசிப் பழகியதையும் காதாலேயே பிரித்துவிடலாமாம். பழகியதில் ஒவ்வொரு அழுத்தமும் ஏற்ற இறக்கமும் இசைபோல் அமைந்திருக்கும். ஒரே ஊரில் இருக்கும் போதகருக்கு இந்த வசதி கிடையாது, ஒரே பிரசங்கத்தை அவர் எத்தனை முறை சொல்ல முடியும்? ஊர்விட்டு ஊர் போகும் நாடகக் குழுவுக்கும் உள்ளூர்ப் பஜனை மடத்துக்கும் உள்ள வேறுபாடு இது. விட்ஃபீல்டின் செல்வாக்கில் பாதி, அவர் அடுத்த நாள் அங்கே இருக்கமாட்டார் என்பதிலிருந்து வந்தது. மீதமுள்ள இடங்களில் நாம் பார்க்கப் போவது அவர் கிளம்பிய மறுநாளைத்தான்.

நேரமிருந்தால் வடக்கே வார்மின்ஸ்டர் பக்கம் வில்லியம் டென்னன்ட் நடத்திய 'மரக்கட்டைக் கல்லூரி' நினைவிடம். அவர் மகன் கில்பர்ட் டென்னன்ட் 1740 மார்ச்சில் நாட்டிங்ஹாமில், மறுபிறப்பு (மனம் மாறி ஆவியில் புதிதாகப் பிறப்பது) அடையாத போதகர்களின் ஆபத்தைப் பற்றிப் பேசிய பேச்சு சபையாரைத் தங்கள் சொந்தப் போதகர் மேலேயே ஏவிவிட்டது. அடுத்த ஆண்டு பிரஸ்பிட்டேரியன் சபை இரண்டானது. 1758 வரை ஒட்டவில்லை.

ஐந்தாம் நாள்: மிடில்டவுன், கனெக்டிகட்

பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை. ஆற்றங்கரைதான். ஆனால் விட்ஃபீல்ட் கூட்டம் எப்படிக் கூடியது என்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, காரணம் கென்சிங்டன் விவசாயி நேதன் கோல். எழுத்துக் கூட்டத் தெரியாத அவர் எழுதிவைத்த குறிப்பு, படித்தவர்கள் எழுதிய பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

1740 அக்டோபர் 23. காலை எட்டு ஒன்பது மணிக்குச் செய்தி வருகிறது: பத்து மணிக்கு மிடில்டவுனில் விட்ஃபீல்ட் பேசுகிறார். தூரம் 12 மைல். கோல் வயலிலேயே கருவியைப் போட்டுவிட்டு ஓடுகிறார். ஒரே குதிரை, மனைவியும் அவரும். குதிரைக்கு மூச்சு வாங்கினால் இறங்கி மனைவியை மட்டும் போகச் சொல்லி, தான் கூட ஓடுவார்; களைத்ததும் மறுபடி ஏறுவார். மேட்டில் வரும்போது எதிரே பனிபோல் ஒன்று. ஆற்று மூடுபனி என்று நினைத்தால் அது குளம்புகள் கிளப்பிய புழுதி. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல். மூன்று மைலுக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றில் படகுகள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன, கரை இரண்டும் மனிதரும் குதிரையுமாகக் கறுத்துக் கிடந்தன.

இன்று கென்சிங்டன், பெர்லின் ஊரின் ஒரு பகுதி. அங்கிருந்து காரில் வந்தால் அரைமணி போதும். மேடை மேல் நின்ற ஒல்லியான இளைஞனைப் பார்த்த கோல், அடுத்த பல மாதங்கள் தன் ஆத்துமா நரகத்துக்குத்தான் என்று புழுங்கினார். பிறகு நிம்மதி அடைந்தார். பிறகு ஊர்ச் சபை போதவில்லை என்று அதிலிருந்து பிரிந்துபோனார். நியூ இங்கிலாந்தில் ஆயிரம் வீடுகளில் நடந்தது இந்த மூன்று படிதான்.

ஆறாம் நாள்: நார்த்தாம்ப்டன்

ஆற்றோரமாக வடக்கே. வழியில் என்ஃபீல்ட், 1741 ஜூலை 8-இல் நார்த்தாம்ப்டன் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் கோபமுள்ள தேவனின் கையில் பாவிகள் என்ற பிரசங்கத்தைச் செய்த ஊர். நிற்க நேரம் வேண்டியதில்லை.

நார்த்தாம்ப்டனில் எட்வர்ட்ஸின் ஆலயம் இல்லை, அதே சபையின் பிற்காலக் கட்டடம் இருக்கிறது. 1734-35-லேயே இங்கே எழுப்புதல் ஒருமுறை வந்து வடிந்திருந்தது. 1740 அக்டோபர் நடுவில் விட்ஃபீல்ட் வந்தார், ஞாயிறு காலை எட்வர்ட்ஸ் பெரும்பாலான நேரம் அழுதுகொண்டிருந்தார். ஆனால் தனியாகப் பேசும்போது, மனத் தூண்டுதலைத் தேவசித்தம் என்று நம்பாதே, பிறர் மறுபிறப்பு அடையாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்லாதே என்று எச்சரிக்கவும் செய்தார். விருந்தாளி கிளம்பியதும் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்ட வேதப்பகுதி, விதைக்கிறவன் உவமை. கற்பாறையில் விழுந்த விதை உடனே முளைத்து வெயிலில் வாடுகிற அந்த உவமையை வாரக்கணக்கில் பிரசங்கித்தார். ஊரில் இருப்பவரின் கவலை அது. பத்தே ஆண்டில் அவர் சபை அவரையே வெளியேற்றியது.

பிரிட்ஜ் தெருக் கல்லறைத் தோட்டத்தில், அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே ஊழியம் செய்த டேவிட் பிரெய்னர்டின் கல்லறை உண்டு.

ஏழாம் நாள்: பாஸ்டன்

1740 செப்டம்பர் 22-இல் நடந்த விபத்தைச் சொல்லாமல் பாஸ்டனைச் சொல்ல முடியாது. செக்லி போதகரின் ஆலயம் விளிம்புவரை நிரம்பியிருந்தது, மேல்மாடமும். விட்ஃபீல்ட் இன்னும் வரவில்லை. எங்கோ மரம் முறியும் சத்தம் கேட்டதாம், மாடம் விழுகிறது என்று ஒரு குரல். மாடத்திலிருந்து குதித்தவர்கள், ஜன்னல் வழியே பாய்ந்தவர்கள், வாசலில் மிதிபட்டவர்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மாடம் விழவே இல்லை. விட்ஃபீல்ட் வந்து, கூட்டத்தைக் காமன் மைதானத்துக்கு அழைத்துப்போய் மழையில் பிரசங்கித்தார். அதைத் துணிவு என்றவர்களும் உண்டு, கல்நெஞ்சம் என்றவர்களும் உண்டு.

காமன் மைதானம் இன்றும் அப்படியே கிடக்கிறது. அக்டோபர் 12 பிரியாவிடைக் கூட்டத்துக்கு 20,000 பேர் என்பது அவர் கணக்கு. 1742 கணக்கெடுப்பில் பாஸ்டனின் மக்கள்தொகை 16,382. சுற்றுக் கிராமங்கள் வந்திருந்தாலும், பூஜ்யத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. காணிக்கைத் தொகைக்கும் ஓர் எச்சரிக்கை: மாசசூசெட்ஸ் காகிதப் பவுண்டின் மதிப்பு அப்போது லண்டன் பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. எந்தப் பவுண்டு என்று பார்க்காமல் கூட்டினால் அனாதை இல்லம் அரண்மனை ஆகிவிடும். ரோட் ஐலண்டில் இறங்கிய நாளிலிருந்து 75-ஆம் நாளில் அவரே போட்ட கணக்கு: 175 பிரசங்கம், 800 மைலுக்கு மேல் பயணம், பணமும் பொருளுமாக 700 லண்டன் பவுண்டுக்கு மேல். நாளுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட பிரசங்கம், குதிரையில் பத்து மைல்.

ஓல்ட் சவுத் கூட்ட மாளிகை (1729-இல் கட்டியது) நிற்கிறது, உள்ளே போகலாம். அவர் பேசிய இடங்களில் அசலாக எஞ்சியவற்றில் ஒன்று.

கெட்டது எங்கே என்றால் அச்சில். ஹார்வர்டிலும் யேலிலும் ஒளி இருளாகிவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதி, அதை அச்சிலும் விட்டார். பேச்சு காற்றோடு போகும், தாள் போகாது. 1744-இல் திரும்பி வந்தபோது ஹார்வர்ட் அவருக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. பாஸ்டன் போதகர் சார்ல்ஸ் சான்சி தடிமனான கண்டன நூலே எழுதிவிட்டிருந்தார். இதற்குள் அவரைப் போலச் செய்ய முயன்றவர்கள் எல்லை தாண்டிவிட்டார்கள். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்பவர் 1743 மார்ச்சில் நியூ லண்டன் துறைமுகத்தில் பக்தி நூல்களைக் குவித்து எரித்தார். மறுநாள் ஆடம்பர உடைகளின் முறை, தன் கால்சட்டையையே கழற்றிக் குவியலில் போட்டார். கூட்டத்திலிருந்த ஒரு பெண் அதை எடுத்து அவர் முகத்தில் எறிந்ததோடு பித்தம் தெளிந்தது. விட்ஃபீல்ட் பின்னாளில் தன் கடுஞ்சொல்லுக்கு வருந்தினார். 1764-இல் ஹார்வர்ட் நூலகம் எரிந்தபோது புத்தகம் திரட்டிக் கொடுத்தார்.

எட்டாம் நாள்: எக்ஸிட்டரும் நியூபரிபோர்ட்டும்

பாஸ்டன் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நியூபரிபோர்ட்டுக்கு நேர் ரயில் உண்டு, சுமார் 40 மைல். எக்ஸிட்டர் அதற்கும் வடக்கே, நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில். அங்கிருந்து தொடங்கித் தெற்கே வருவதே முறை, அவர் வந்த வழி அது.

1770 செப்டம்பர் 29, சனி. ஏழாவது அமெரிக்கப் பயணம். வயது 55, ஆஸ்துமா முற்றியிருந்தது. எக்ஸிட்டரில் திறந்தவெளியில் நின்று இரண்டு மணி நேரம் பேசினார். எடுத்துக்கொண்டது 2 கொரிந்தியர் 13:5, 'உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்'. பிறகு குதிரையில் நியூபரிபோர்ட், ஜோனத்தன் பார்சன்ஸ் போதகரின் வீடு. இரவில் படுக்கப் போகிறவரை வாசலில் கூடியவர்கள் விடவில்லை. மாடிப்படியில் மெழுகுவத்தியோடு நின்று, அது எரிந்து தீரும்வரை பேசினார் என்பார்கள். ஞாயிறு விடிகாலை மூச்சு நின்றது. பாஸ்டனில் ஃபில்லிஸ் வீட்லி என்ற பதினேழு வயது அடிமைப் பெண் எழுதிய இரங்கற்பா அச்சாகி, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அவள் பெயரைப் பரப்பியது.

ஃபெடரல் தெருவில் உள்ள ஓல்ட் சவுத் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் 1756-இல் கட்டப்பட்டது. எழுப்புதலால் ஊர்ச் சபையிலிருந்து பிரிந்தவர்கள் 1746-இல் தொடங்கிய சபை. அடக்கம் பிரசங்க பீடத்துக்குக் கீழே. உள்ளே பார்க்க முன்கூட்டியே சபையாரிடம் நேரம் கேட்டுவைக்க வேண்டும், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போவது எளிது.

1775 செப்டம்பரில் க்யூபெக் மீது படையெடுத்துப் போன பெனடிக்ட் ஆர்னால்டின் அதிகாரிகள் இங்கே பிரசங்கம் கேட்டுவிட்டுக் கல்லறையைத் திறக்கச் சொன்னார்கள். உடல் பெரும்பாலும் மண்ணாகியிருந்தது. கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டைகளும் மட்டும் மக்காமல் இருந்தன. வெட்டித் துண்டாக்கி ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கை எலும்பு ஒன்று திருடப்பட்டு இங்கிலாந்து போய்த் திரும்பியது. இப்போது கல்லறை மூடப்பட்டிருக்கிறது.

ஆலயத்தை விட்டு வெளியே வந்து, பக்கவாட்டில் ஸ்கூல் தெருவுக்குள் திரும்பினால் பார்சன்ஸ் வீடு இருந்த இடம். அதை ஒட்டி இன்னொரு வீட்டில் 1805-இல் வில்லியம் லாய்ட் கேரிசன் பிறந்தார், அடிமை ஒழிப்புக்காகவே 'லிபரேட்டர்' பத்திரிகையை நடத்தியவர். பீடத்துக்கு அடியிலுள்ள எலும்புகளுக்கும் அந்த வாசலுக்கும் நடுவே சில எட்டுதான்.